பிளஸ் 2 சான்றிதழ் எதற்குச் சான்று? கல்லூரிக்கும் வாழ்க்கைக்கும் பள்ளிகள் மாணவர்களை ஆயத்தப்படுத்துகின்றனவா?

புதுதில்லி: சிபிஎஸ்இ 12ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் 2025ஆம் ஆண்டு 88.39 சதவீத மாணவர்கள் தேர்ச்சி பெற்றனர். தமிழ்நாட்டில் அதே ஆண்டு பிளஸ் 2 தேர்ச்சி விகிதம் 95 சதவீதத்தைக் கடந்தது. ஆண்டுதோறும் மே மாதத்தில் வெளியாகும் இந்த எண்களே பள்ளிக் கல்வியின் தரத்தை அளக்கும் அளவீடாகப் பொதுவெளியில் பேசப்படுகின்றன.

ஆனால், வேறு சில ஆய்வுகள் காட்டும் படம் இத்தனை ஒளிமிக்கதாக இல்லை. பிரதம் அமைப்பு 2023ஆம் ஆண்டு ஊரகப் பகுதிகளில் நடத்தி, 2024 ஜனவரியில் வெளியிட்ட 'ஏசர்' ஆய்வின்படி, 14 முதல் 18 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 25 சதவீதம் பேரால் தங்கள் மாநில மொழியில் 2ஆம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க இயலவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம் பேர் மட்டுமே.

இவ்விரு வகை எண்களையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. ஏசர் ஆய்வு ஊரகப் பகுதிகளை மட்டுமே சார்ந்தது. பள்ளியை விட்டு விலகியவர்களையும் கீழ் வகுப்புகளில் பயில்வோரையும் உள்ளடக்கியது. பொதுத் தேர்வு முடிவுகளோ 12ஆம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவர்களைப் பற்றியவை. எனினும், இவை இரண்டும் சேர்ந்து ஒரு கேள்வியை எழுப்புகின்றன. பள்ளிப் படிப்பை முடித்ததாகக் கூறும் சான்றிதழ், அதைப் பெற்றவரால் என்ன செய்ய இயலும் என்பதைக் கூறுகிறதா? உயர்கல்விக்கும், வேலைக்கும், தனித்து நின்று முடிவெடுக்க வேண்டிய வாழ்க்கைக்கும் இந்தியப் பள்ளிகள் மாணவர்களை எந்த அளவுக்கு ஆயத்தப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எத்தனை பேர் வந்து சேர்கின்றனர்?

மத்திய கல்வி அமைச்சகத்தின் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரத் தொகுப்பான யுடைஸ் பிளஸ் 2024-25 அறிக்கையின்படி, மேல்நிலை வகுப்புகளில் மொத்த சேர்க்கை விகிதம் 58.4 சதவீதம். அதாவது, 11, 12ஆம் வகுப்புகளில் பயில வேண்டிய வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அவ்வகுப்புகளில் உள்ளவர்களின் எண்ணிக்கை 100க்கு 58 என்ற அளவில்தான் உள்ளது.

அடுத்த படியில் இந்த எண்ணிக்கை மேலும் சுருங்குகிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயதினரை அடிப்படையாகக் கொண்ட உயர்கல்வி மொத்த சேர்க்கை விகிதம் 28.4 சதவீதமாக இருந்தது. நாடு முழுவதும் 4.33 கோடி பேர் உயர்கல்வி பயின்றனர். தமிழ்நாட்டில் இந்த விகிதம் 47 சதவீதமாகப் பதிவாகி, தேசிய சராசரியைவிட மிகவும் உயர்ந்திருந்தது. 2035ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் இதனை 50 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையின் இலக்கு.

பள்ளியை விட்டு விலகுவது எந்த வயதில் நிகழ்கிறது என்பதையும் ஏசர் ஆய்வு காட்டுகிறது. 14 வயதினரில் எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்ந்திராதவர்கள் 3.9 சதவீதம் மட்டுமே. 18 வயதினரில் அது 32.6 சதவீதமாக உயர்கிறது.

இந்த எண்களிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. இந்திய இளைஞர்களில் பெரும்பாலோருக்குப் பள்ளியே கடைசிக் கல்வி நிறுவனம். எனவே உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு இரண்டு பொறுப்புகள் உள்ளன. கல்லூரிக்குச் செல்வோரை அதற்கு ஆயத்தப்படுத்துவது ஒன்று. பள்ளியோடு படிப்பை நிறுத்துவோருக்கு வாழ்க்கையைத் தொடங்கத் தேவையான அறிவையும் திறனையும் அளிப்பது மற்றொன்று. நடைமுறையில் பாடத்திட்டமும் தேர்வும் முதல் பொறுப்பை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. அந்த முதல் பொறுப்புகூட முழுமையாக நிறைவேறவில்லை என்பதே ஆய்வுகள் தரும் செய்தி.

பூஜ்ஜியத்தில் தொடங்காத அளவுகோல்

2023ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வு, 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 34,745 பேரிடம் நடத்தப்பட்டது. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு மாவட்டம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டதால், இதன் முடிவுகளை மாநிலங்களுக்கு இடையிலான போட்டியாகப் பார்க்க இயலாது. ஆனால், அன்றாட வாழ்வில் பயன்படும் கணக்குகளை இளைஞர்களிடம் நேரடியாகக் கொடுத்துப் பார்த்தது இந்த ஆய்வின் சிறப்பு.

அவற்றுள் ஒன்று அளவுகோலைக் கொண்டு ஒரு பொருளின் நீளத்தை அளப்பது. பொருளின் ஒரு முனை பூஜ்ஜியத்தில் பொருந்தியிருந்தபோது, ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சரியாக விடையளித்தனர். அதே பொருளை அளவுகோலில் சற்றுத் தள்ளி வைத்தபோது, சரியான விடையளித்தோர் 39 சதவீதமாகக் குறைந்தனர். கருவியும் பொருளும் மாறவில்லை. தொடங்கும் இடம் மட்டுமே மாறியது. முடியும் எண்ணிலிருந்து தொடங்கும் எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற சிறு சிந்தனையே அங்கு தேவைப்பட்டது.

பணம் தொடர்பான கணக்குகளிலும் இதே நிலைதான். குறைந்தபட்சம் கழித்தல் கணக்கு தெரிந்தவர்களிடம் மட்டும் இவை கேட்கப்பட்டன. கையிலுள்ள பணத்துக்குள் செலவைத் திட்டமிடும் கணக்கை 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் செய்தனர். தள்ளுபடி போக ஒரு பொருளின் விலை என்ன என்பதை ஏறத்தாழ 37 சதவீதம் பேர் கண்டறிந்தனர். கடனுக்கு வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையைச் சரியாகக் கணக்கிட்டவர்கள் சுமார் 10 சதவீதம் பேர் மட்டுமே.

இது ஊரகத்துக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. மத்திய கல்வி அமைச்சகம் 2024 டிசம்பரில் நடத்திய 'பரக்' தேசிய ஆய்வில், அரசு, தனியார் பள்ளிகளைச் சேர்ந்த 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றனர். அதில் 9ஆம் வகுப்பு மாணவர்களின் சராசரி கணிதத்தில் 37 சதவீதமாகவும், அறிவியலிலும் சமூக அறிவியலிலும் 40 சதவீதமாகவும் இருந்தது. பொதுத் தேர்வு வகுப்புகளுக்குள் நுழையும் முன்பே அடிப்படையில் இடைவெளி உருவாகிவிடுகிறது என்பதை இது உணர்த்துகிறது. அந்த இடைவெளியோடு 10ஆம் வகுப்புக்கு வரும் மாணவருக்கு, புரிந்துகொள்வதைவிட மனப்பாடம் செய்வதே எளிய வழியாகத் தோன்றுகிறது.

மேல்நிலையின் இரண்டு ஆண்டுகள் எங்கே செல்கின்றன?

11, 12ஆம் வகுப்புகள் கல்லூரிக் கல்விக்கான பாலமாகத் திட்டமிடப்பட்டவை. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்தே பத்து, இரண்டு, மூன்று ஆண்டுகள் என்ற அமைப்பு நாடு முழுவதும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆனால், இந்த இரண்டு ஆண்டுகளும் இன்று பெருமளவில் நுழைவுத் தேர்வுகளின் பிடியில் உள்ளன.

இதற்கான காரணம் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. 2024ஆம் ஆண்டு இளநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். அப்போது நாட்டிலிருந்த எம்பிபிஎஸ் இடங்கள் சுமார் 1.1 லட்சம். ஐஐடிகளில் உள்ள இளநிலை இடங்கள் ஏறத்தாழ 18 ஆயிரம் மட்டுமே. இவ்வளவு குறைந்த இடங்களுக்கு இவ்வளவு பெரிய போட்டி நிலவும்போது, மாணவரின் நேரமும் பெற்றோரின் பணமும் தேர்வுப் பயிற்சியை நோக்கியே திரும்புகின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2025ஆம் ஆண்டு நடத்திய கல்வி குறித்த ஆய்வில், மாணவர்களில் 27 சதவீதம் பேர் அந்தக் கல்வியாண்டில் தனியார் பயிற்சி வகுப்புகளுக்குச் சென்றதாகத் தெரியவந்தது.

இதன் உச்ச வடிவமே 'டம்மி பள்ளிகள்' எனப்படும் ஏற்பாடு. மாணவரின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். மாணவர் பயிற்சி மையத்தில் இருப்பார். ராஜஸ்தானிலும் தில்லியிலும் 2024 செப்டம்பரில் திடீர் ஆய்வு நடத்திய சிபிஎஸ்இ, அதன் தொடர்ச்சியாக நவம்பரில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. 16 வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்ற வழிகாட்டுதலை மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. பயிற்சி மையங்களை மாணவர்கள் சார்ந்திருப்பதை ஆராய, உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையில் 9 பேர் கொண்ட குழுவையும் 2025 ஜூனில் அமைத்தது.

பொதுத் தேர்வு மதிப்பெண்ணுக்காகவும் பாடங்கள் தவிர்க்கப்படுவது உண்டு. தமிழ்நாட்டில் சில பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் 12ஆம் வகுப்புப் பாடங்களையே நடத்தியதாகப் புகார்கள் எழுந்தன. கல்லூரியின் முதல் ஆண்டுப் பாடங்களுக்கும் நுழைவுத் தேர்வுகளுக்கும் 11ஆம் வகுப்பே அடித்தளம் என்பதால், 2017-18ஆம் கல்வியாண்டில் அவ்வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து, மாணவர்களின் தேர்வுச் சுமையைக் குறைக்கும் நோக்கில் அத்தேர்வு கைவிடப்பட்டது. தேர்வு வைத்தால் சுமை கூடுகிறது; வைக்காவிட்டால் பாடமே விடுபடும் வாய்ப்பு உள்ளது. தேர்வு இருந்தால் மட்டுமே ஒரு பாடம் நடத்தப்படும் என்ற மனநிலை மாறாதவரை, இந்தச் சிக்கலுக்குத் தேர்வு விதிகளால் மட்டும் தீர்வு காண இயலாது.

நீட் தேர்வு எழுதும் 23 லட்சம் பேரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு எம்பிபிஎஸ் இடம் கிடைக்கப்போவதில்லை. அவர்கள் செலவிட்ட இரண்டு ஆண்டுகள் வேறு எந்தப் பாதைக்கும் அவர்களை ஆயத்தப்படுத்தவில்லை எனில், அது தனிமனித இழப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

கல்லூரியின் முதல் ஆண்டு

கல்லூரிக்குள் நுழையும் மாணவர் சந்திக்கும் முதல் மாற்றம், தமக்கான படிப்பைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டிய நிலை. எந்தக் கேள்வி வரும் என்று சொல்லித் தரும் ஆசிரியர் அங்கு இல்லை. நூலகத்தில் தேடிப் படித்தல், ஒரு கருத்துக்கு ஆதாரம் காட்டி எழுதுதல், ஆய்வகத்தில் தவறிய சோதனையை மீண்டும் செய்து பார்த்தல், வகுப்பில் எழுந்து ஐயம் கேட்டல் ஆகியவை எதிர்பார்க்கப்படுகின்றன. பொதுத் தேர்வு இவற்றை அளவிடாத காரணத்தால், பல பள்ளிகளில் இவற்றுக்கு இடமே இருப்பதில்லை.

இரண்டாவது, மொழி. தாய்மொழி வழியில் 12 ஆண்டுகள் பயின்ற மாணவர், பெரும்பாலான தொழிற்படிப்புகளில் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் பாடம் கேட்க வேண்டியுள்ளது. ஏசர் ஆய்வில் ஆங்கில வாக்கியங்களைப் படிக்க இயன்றவர்கள் 57.3 சதவீதம் பேர். அவர்களிலும் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கே அவற்றின் பொருள் தெரிந்திருந்தது. பாடம் தெரிந்தும் மொழியால் பின்தங்கும் மாணவர், தமக்குப் பாடமே வரவில்லை என்று கருதிவிடும் ஆபத்து இதில் உள்ளது.

இதைக் கருத்தில்கொண்டு, தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டிலேயே கட்டடவியல், இயந்திரவியல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2021-22 முதல் பல இந்திய மொழிகளில் பொறியியல் கல்விக்கு அனுமதி அளித்துள்ளது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பள்ளி, உயர்கல்விக்கான நூல்களை இந்திய மொழிகளில் மின்வடிவில் வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது, பாடப்பிரிவுத் தேர்வு. 15, 16 வயதில் மாணவர் தேர்ந்தெடுக்கும் பிரிவே பின்னர் எந்தக் கல்லூரிக் கதவு திறக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஏசர் ஆய்வில் 11ஆம் வகுப்பு, அதற்கு மேல் பயின்றோரில் 55.7 சதவீதம் பேர் கலைப் பிரிவுகளில் இருந்தனர். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பிரிவுகளில் மாணவர்கள் 36.3 சதவீதமாகவும் மாணவியர் 28.1 சதவீதமாகவும் இருந்தனர். அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறது, 10ஆம் வகுப்பில் எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்பவையே பல குடும்பங்களில் இந்தத் தேர்வை முடிவு செய்கின்றன.

இந்த இடைவெளியை உயர்கல்வித் துறையும் ஒப்புக்கொண்டுள்ளது. புதிய மாணவர்களுக்கான 'தீக்ஷாரம்ப்' என்ற அறிமுகப் பயிற்சிக்கான வழிகாட்டியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டு வெளியிட்டது. ஐஐடிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்கள் நிரம்பாதபோது, தளர்த்தப்பட்ட தகுதி மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு வழங்கும் நடைமுறை உள்ளது. பள்ளி தராததை ஓராண்டு முறையான பயிற்சியால் ஈடுசெய்ய இயலும் என்ற நம்பிக்கையின் மீது அமைந்த ஏற்பாடு இது. பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் பயில்வோருக்கு இத்தகைய முழு ஆண்டு வாய்ப்பு இல்லை.

பள்ளியோடு வேலைக்குச் செல்வோர்

பள்ளிக் கல்வியோடு கைத்தொழிலை இணைக்க வேண்டும் என்ற சிந்தனை இந்தியாவுக்குப் புதியதல்ல. 1937ஆம் ஆண்டு வார்தாவில் நடைபெற்ற மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரமே அதுதான். கோத்தாரி குழுவும் பள்ளிகளில் வேலை அனுபவத்தையும் தொழிற்கல்வியையும் வலியுறுத்தியது. மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதத்தினரை 1990க்குள்ளும், 25 சதவீதத்தினரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்கு அழைத்துவர வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை இலக்கு வைத்தது. கற்போரில் குறைந்தது 50 சதவீதத்தினருக்கு 2025க்குள் தொழிற்கல்வி அறிமுகம் கிடைக்க வேண்டும் என்றது 2020ஆம் ஆண்டின் கொள்கை.

இலக்குகள் வளர்ந்த வேகத்தில் நடைமுறை வளரவில்லை. ஏசர் 2023 ஆய்வின்போது ஏதேனும் ஒரு தொழிற்பயிற்சியில் இருந்தவர்கள் 5.6 சதவீதம் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் ஆறு மாதங்களோ அதற்கும் குறைவாகவோ நடைபெறும் குறுகிய காலப் பயிற்சிகளில் இருந்தனர். மறுபுறம், ஆய்வுக்கு முந்தைய மாதத்தில் குறைந்தது 15 நாள்கள் வீட்டு வேலை அல்லாத பணியைச் செய்தவர்கள் ஆண்களில் 40.3 சதவீதமாகவும் பெண்களில் 28 சதவீதமாகவும் இருந்தனர். படிக்கும் வயதினரில் பலர் ஏற்கெனவே உழைக்கின்றனர். அந்த உழைப்பில் பெறும் அறிவுக்குப் பள்ளியில் மதிப்பு இல்லை. பள்ளியில் பெறும் அறிவுக்கு அந்த உழைப்பில் பயன் இல்லை.

தொழிற்கல்வி என்றாலே படிப்பு வராதவர்களுக்கானது என்ற எண்ணம் சமூகத்தில் வேரூன்றியிருப்பது இதற்கு ஒரு காரணம். தொழிற்பிரிவில் பயின்றவருக்கு உயர்கல்விக்குச் செல்லும் வழி குறுகலாக இருந்ததால், அந்த எண்ணம் அடிப்படையற்றது என்றும் கூறிவிட இயலாது. தகுதியான பயிற்றுநர்களும் கருவிகளும் இல்லாமல் பாடப்பிரிவு மட்டும் தொடங்கப்பட்ட பள்ளிகளில் பெற்றோரின் நம்பிக்கை மேலும் குறைந்தது.

பட்டம் பெற்றால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம். எழுத்தறிவற்றோர் கிடைத்த வேலையை ஏற்றாக வேண்டிய நிலையில் இருப்பதும், படித்தவர்கள் தகுதிக்கேற்ற வேலைக்குக் காத்திருப்பதும் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி. ஆயினும், சான்றிதழுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தொலைவை இந்த எண் மறைக்கவில்லை.

18 வயது நிறைவடையும் நாளில்

இந்தியச் சட்டப்படி 18 வயது நிறைவடைந்தவர் வயதுவந்தவர். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், கடன் பெறலாம், 1989 முதல் நடைமுறையில் உள்ள அரசமைப்புச் சட்டத்தின் 61ஆவது திருத்தத்தின்படி வாக்களிக்கலாம். பெரும்பாலான மாணவர்கள் இந்த வயதை எட்டுவது 12ஆம் வகுப்பை முடிக்கும் காலத்தில்தான். ஆகவே, வயதுவந்தோருக்கான பொறுப்புகளை முறையாகச் சொல்லித் தரும் கடைசி வாய்ப்பு பள்ளிக்கே உள்ளது.

கல்விக் கடனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு மாணவர் 4 லட்சம் ரூபாயை 10 சதவீதத் தனிவட்டியில் ஒரே தவணையில் பெற்றதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வட்டி 40 ஆயிரம் ரூபாய். நான்கு ஆண்டுப் படிப்பும், அதன் பிறகு ஓராண்டு அவகாசமும் சேர்ந்தால், முதல் தவணையைச் செலுத்தத் தொடங்கும் முன்பே வட்டி மட்டும் 2 லட்சம் ரூபாயாகியிருக்கும். நடைமுறையில் கடன் ஆண்டுதோறும் பகுதி பகுதியாக வழங்கப்படுவதால் இத்தொகை குறையலாம். வட்டி மானியத்துக்குத் தகுதியுள்ளவர்களுக்கு மேலும் குறையலாம். ஆனால், படிக்கும் காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதை அறியாமல் கையெழுத்திடுவோருக்கு இந்தக் கணக்கு பின்னாளில் அதிர்ச்சியாக வந்து சேரும். திருப்பிச் செலுத்தும் தொகையைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர் என்ற ஏசர் முடிவின் பொருள் இங்குதான் முழுமையாகப் புலப்படுகிறது.

இந்தக் குறை பள்ளி வயதோடு நீங்கிவிடுவதில்லை. தேசிய நிதிக் கல்வி மையம் 2019இல் நடத்திய ஆய்வில், இந்தியாவில் வயதுவந்தோரில் 27 சதவீதம் பேரே நிதி சார்ந்த எழுத்தறிவு பெற்றிருந்தனர். இம்மையம் 6 முதல் 10ஆம் வகுப்பு வரை நிதிக் கல்விப் பயிற்சி ஏடுகளைத் தயாரித்துள்ளது. எனினும், மதிப்பெண் இல்லாத பாடத்துக்குப் பள்ளிகளில் நேரம் ஒதுக்கப்படுவது அரிது.

கைப்பேசி பற்றிய அறிவும் இத்தகையதே. ஏசர் ஆய்வில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். ஆனால், சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கே ஒரு கணக்கைத் தடுப்பது, கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றுவது போன்ற பாதுகாப்பு வழிகள் தெரிந்திருந்தன. சொந்தமாகத் திறன்பேசி வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதமாகவும் பெண்கள் 19.8 சதவீதமாகவும் இருந்தனர். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, வேலைவாய்ப்பு அறிவிப்பு ஆகிய அனைத்தும் கைப்பேசி வழியே வரும் காலத்தில், இந்த வேறுபாடு பெண்களின் வாய்ப்புகளை நேரடியாகப் பாதிக்கக்கூடியது.

மன உறுதியும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி, 2022ஆம் ஆண்டு நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். இத்தகைய மரணங்களுக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆயினும், தோல்வியை எதிர்கொள்ளவும் உதவி கேட்கவும் கற்றுத் தருவது கல்வி நிறுவனங்களின் கடமை என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் நியமிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் கூறியுள்ளது. மன நெருக்கடியில் இருப்போர் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.

மாற்றங்கள் எந்த நிலையில் உள்ளன?

தேர்வு முறையில் சில மாற்றங்கள் தொடங்கியுள்ளன. 11, 12ஆம் வகுப்புகளில் மனப்பாடத்தைத் தாண்டி, கற்றதைப் பயன்படுத்தும் திறனைச் சோதிக்கும் வினாக்களின் பங்கை 2024-25 முதல் 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக சிபிஎஸ்இ உயர்த்தியது. 10ஆம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடத்தும் முறையையும் அது கொண்டுவந்தது. இரண்டாவது தேர்வு விருப்பத்துக்குரியது. அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள அது வாய்ப்பளிக்கிறது. 2023ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விக்கான தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு, 9, 10ஆம் வகுப்புகளில் தொழிற்கல்வியை அனைவருக்கும் உரிய பாடமாகப் பரிந்துரைத்துள்ளது.

மத்திய பல்கலைக்கழகங்களில் இளநிலைச் சேர்க்கைக்கு 2022இல் பொது நுழைவுத் தேர்வு அறிமுகமானது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை ஒப்பிடும் சிக்கலை இது தீர்த்தது. ஆனால், 12ஆம் வகுப்புப் படிப்பின் முக்கியத்துவத்தைக் குறைத்து, பயிற்சி மையங்களுக்குப் புதிய சந்தையை உருவாக்கும் என்ற விமர்சனமும் தொடர்கிறது.

மாநிலங்களின் முயற்சிகளும் கவனத்துக்குரியவை. கேரளம் 1983-84 முதலே தொழிற்கல்வி மேல்நிலைப் பிரிவை நடத்தி வருகிறது. ஹரியாணா 2012இல் பள்ளிகளில் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழான தொழிற்கல்வியை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2019இல் தொழில்முனைவு மனப்பாங்குப் பாடத்திட்டம் அறிமுகமானது; அதன் தொடர்ச்சியாக 2021இல் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தலா 2,000 ரூபாய் தொடக்க நிதி அளித்து, சிறு தொழில் முயற்சிகளில் ஈடுபடச் செய்தது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளின் 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு உயர்கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் அளிக்கப்படுகிறது.

இவை அனைத்தும் ஒரே தடையைச் சந்திக்கின்றன. பள்ளிகளை மதிப்பிடும் அளவீடு இன்னும் தேர்ச்சி விகிதமாகவே உள்ளது. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் என அனைவரும் அந்த ஓர் எண்ணுக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்போது, அதில் சேராத எந்தத் திட்டமும் கால அட்டவணையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது.

மாணவர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை

பள்ளியின் கால அட்டவணை மாறும்வரை காத்திருக்காமல், 12ஆம் வகுப்பு முடிவதற்குள் சிலவற்றை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ள இயலும். ஒரு செய்தியையோ படிவத்தையோ படித்து, அதன் பொருளைச் சொந்தச் சொற்களில் கூற முடிகிறதா? வட்டி, தள்ளுபடி, மாதத் தவணை ஆகியவற்றைத் தாளில் கணக்கிட முடிகிறதா? வங்கிக் கணக்கையும் கைப்பேசிக் கடவுச்சொற்களையும் பிறர் உதவியின்றிப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிகிறதா? விரும்பும் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பதை, முடிவு வெளியாகும் முன்பே வீட்டில் பேசியாகிவிட்டதா?

பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன், அப்பிரிவு எந்தெந்தப் படிப்புகளுக்கு வழிவிடும், எவற்றை அடைத்துவிடும் என்பதைப் பட்டியலிட்டுப் பார்ப்பது நலம். கல்விக் கடன் பெறுவோர், படிக்கும் காலத்துக்கான வட்டி எவ்வாறு சேர்க்கப்படுகிறது, அந்த வட்டியை மட்டும் முன்னதாகச் செலுத்த வழியுண்டா, மானியத்துக்குத் தகுதி உள்ளதா ஆகிய மூன்றையும் கையெழுத்திடும் முன் வங்கியில் கேட்டறிய வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்வோர், சேர்ந்த முதல் மாதத்திலேயே உதவித்தொகைப் பிரிவையும் மாணவர் ஆலோசகரையும் அணுகி அறிமுகம் செய்துகொள்வது பின்னர் பெரிதும் துணைபுரியும்.

குடும்பங்களால் செய்ய இயன்றவற்றுக்கு எல்லை உண்டு. கடன் கணக்கையோ விண்ணப்பப் படிவத்தையோ விளக்கிச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. அவர்களின் எண்ணிக்கையே நாட்டில் அதிகம். மே மாதத் தேர்ச்சிப் பட்டியலோடு, பள்ளியை முடித்தவர்கள் ஓராண்டுக்குப் பின் எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர் கல்லூரியின் இரண்டாம் ஆண்டுக்குச் சென்றனர், எத்தனை பேர் கற்ற தொழிலில் நிலைத்தனர் என்ற விவரங்களும் பள்ளிவாரியாக வெளியிடப்பட்டால், மேல்நிலைக் கல்வி எதற்காக என்ற கேள்விக்கு அரசுகளும் பள்ளிகளும் எண்களோடு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.